மூன்று விரல், ஒரு டார்ச், பன்னிரண்டு மணி: ஆண் உடம்பின் அடிவயிற்று ஆச்சரியங்கள் தெரியுமா?

7.4 கிலோ! 2019-ல் டெல்லி சர் கங்காராம் மருத்துவமனையில் ஒருவரின் வயிற்றிலிருந்து வெளியே எடுத்த ஒற்றைச் சிறுநீரகத்தின் எடை இது என்றால் நம்புவீர்களா? நம்முடையது 150 கிராம் தேறினாலே பெரிது. பரம்பரையாக வரும் ஒரு நோயில் சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள் முளைத்து, வருடக்கணக்கில் ஊதிக்கொண்டே போகும். அப்படி ஊதியதுதான் அது.

அந்த அளவுக்குப் போனால் யார் கை வைத்தாலும் தட்டுப்படும். நல்ல சிறுநீரகம் தட்டுப்படுமா? பெரும்பாலும் படாது. விலாவுக்கு அடியில், முதுகை ஒட்டி ஒளிந்திருக்கும். அதனால்தான் மருத்துவர் ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் கொடுத்து, மறு கையை வயிற்றின் மேல் அழுத்தி, "மூச்சை நல்லா இழுங்க" என்கிறார். மூச்சை இழுத்தால் உதரவிதானம் இறங்கும், அதோடு சிறுநீரகமும் கொஞ்சம் இறங்கி வரும். ஒல்லியான ஆளாக இருந்தால் வலது சிறுநீரகத்தின் கீழ் நுனி அந்த நொடியில் விரலில் உரசிவிட்டுப் போகும். இடது அதுகூடச் செய்யாது. வலப்பக்கம் மேலே கல்லீரல் உட்கார்ந்திருப்பதால் வலது சிறுநீரகம் சற்றுத் தாழ்வாகவே குடியிருக்கிறது!

அடுத்தது தட்டிப் பார்ப்பது. உடம்பை விரலால் தட்டி ஓசையைக் கேட்டு நோயறியலாம் என்று 1761-ல் புத்தகம் போட்டவர் வியன்னாவில் இருந்த லியோபோல்ட் ஆவன்பிருகர். அவருடைய அப்பா விடுதி நடத்தியவர். மதுப் பீப்பாயைத் தட்டி எதுவரை நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பது அந்த வீட்டில் அன்றாட வேலை. ஆவன்பிருகர் தட்டியது நெஞ்சை. அதே வித்தைதான் இன்று அடிவயிற்றிலும் நடக்கிறது. காலியான சிறுநீர்ப்பை இடுப்பெலும்புக்குப் பின்னால் பதுங்கிவிடும். நிரம்பினால் மேலே எழும், தட்டினால் மந்தமான ஓசை கொடுக்கும். புரோஸ்டேட் சுரப்பி வீங்கி வருடக்கணக்கில் வழி அடைபட்ட பெரியவர்களுக்கு லிட்டருக்கு மேல் தேங்கித் தொப்புள் வரை வந்துவிடும். அப்போதும் வலி இல்லாமல் இருக்கலாம் என்பதுதான் பயங்கரம். தொப்பை போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

இதைக் கேளுங்கள்! யானையின் சிறுநீர்ப்பை 18 லிட்டர் கொள்ளும், பூனையுடையது 5 மில்லி. ஆனால் 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள பாலூட்டிகள் எல்லாமே ஏறக்குறைய 21 விநாடியில் காரியத்தை முடித்துவிடுகின்றன! அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் பாட்ரீசியா யாங், டேவிட் ஹூ குழு 2014-ல் வெளியிட்ட கணக்கு இது, அடுத்த ஆண்டே இக்நோபல் பரிசும் வாங்கியது. விலங்கு பெரிதாகப் பெரிதாக வெளியேறும் குழாயும் நீள்கிறது, நீளமான குழாயில் புவியீர்ப்பு வேகத்தைக் கூட்டிக் கொடுக்கிறது. சிரிக்க வைக்கும் ஆராய்ச்சிதான். ஆனால் அறுபது வயதுக்காரர் "நின்னு நின்னு வருது டாக்டர்" என்று சொல்லும்போது மருத்துவர் கேட்பதும் இதே ஓட்டத்தின் கதையைத்தான்.

அப்புறம் ஆண்கள் எல்லாரும் பயப்படும் அந்த ஒற்றை விரல் பரிசோதனை. ஆசனவாய் வழியாக விரலை விட்டால் முன்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் புரோஸ்டேட். என்ன தெரியும் அதில்? உங்கள் கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரல் நுனியைத் தொடுங்கள். கட்டைவிரலுக்குக் கீழே திரளும் சதையை மறு கையால் அழுத்துங்கள்: நல்ல புரோஸ்டேட் அந்தப் பதம். இப்போது விரல் முட்டியை அழுத்துங்கள்: அந்தக் கடினத்தில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டால் புற்றுநோயா என்று பார்த்தாக வேண்டும். மொத்தமே ஒரு நிமிட வேலை. இதற்குக் கூச்சப்பட்டு வருடங்களைத் தள்ளிப்போடுவதில் எந்த வீரமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சுசுருத சங்கிதையிலேயே இந்த வழி இருக்கிறது, தெரியுமா? சிறுநீர்ப்பைக் கல்லை எடுக்க, நகம் வெட்டி எண்ணெய் தடவிய இடது கையின் இரண்டு விரல்களை இதே வழியாக விட்டு, கல்லை முன்னே தள்ளிப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறது அது!

சிறுநீரையும் விடவில்லை நம் ஆட்கள். டெல்லித் தமிழர்களுக்கு கரோல் பாக் என்றால் இட்லிமாவும் முருங்கைக்காயும் தேடிப் போகும் இடம். அதே கரோல் பாக்கில்தான் ஹகீம் அஜ்மல் கான் உருவாக்கிய திப்பியாக் கல்லூரி இருக்கிறது. 1921 பிப்ரவரியில் அதைத் திறந்து வைத்தவர் காந்தி. அங்கே கற்பிக்கும் யூனானி வைத்தியத்தில் நாடிக்கு அடுத்தபடி சிறுநீர்தான் சாட்சி: நிறம், தெளிவு, நுரை, அடியில் படிவது, வாடை. நம் சித்தர் தேரையர் வழியில் காலைச் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விடுவார்கள். பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக விரிந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம். நவீன மருத்துவம் அந்த எண்ணெய்ச் சொட்டை ஏற்பதில்லை. ஆனால் நுரை அடங்காமல் நின்றால் புரதம் ஒழுகுகிறதா என்று அதுவும் கேட்கும். சரி, சிறுநீர் ஏன் மஞ்சள்? யூரோபிலின் என்ற நிறமி என்று நூறாண்டுக்கு மேலாகத் தெரியும். அதற்கு வழிசெய்யும் குடல் நுண்ணுயிர் நொதி எது என்று பிடிபட்டது 2024-ல்தான்!

இன்னும் கீழே போவோம், இங்கேதான் பெரிய ஆச்சரியம். விரைகள் பிறந்த ஊர் எது? சிறுநீரகத்துக்குப் பக்கத்து வீடு! கருவில் வயிற்றின் உள்ளே, சிறுநீரகத்தை ஒட்டி உருவாகி, பிறப்பதற்கு முன் கீழே இறங்கி வருகின்றன. விந்து உற்பத்திக்கு உடம்பின் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக வேண்டும், அதற்காகத்தான் இந்தக் குடிபெயர்வு. ஆனால் ரத்தக்குழாயையும் நரம்பையும் பழைய வீட்டிலிருந்தே இழுத்துக்கொண்டு வந்துவிட்டன. அதனால்தான் சிறுநீரகக் கல் நகரும்போது விலாவில் கிளம்பும் வலி விரை வரை மின்னலாய் இறங்குகிறது. அங்கே ஒரு கோளாறும் இருக்காது!

இடது விரையின் சிரை இடது சிறுநீரகத்தின் சிரையில்தான் போய்ச் சேருகிறது, வலதுடையது நேராகப் பெருஞ்சிரையில். விரையைச் சுற்றி ரத்தக்குழாய்கள் புடைத்துக்கொள்ளும் வெரிகோசீல் பெரும்பாலும் இடப்பக்கம் வருவதற்கு இதுவும் காரணம். அதை நிற்கவைத்து, முக்கச் சொல்லித்தான் பார்க்க வேண்டும், படுத்தால் வடிந்துவிடும். நடுவயதில் திடீரென்று வந்து, படுத்தும் வடியவில்லையா? மருத்துவர் விரையை விட்டுவிட்டுச் சிறுநீரகத்தில் கட்டி இருக்கிறதா என்று தேடத் தொடங்குவார்!

விரை வீங்கியிருக்கிறதா? விளக்கை அணைத்து, பின்னாலிருந்து ஒரு டார்ச். செக்கச்செவேலென்று ஒளிர்ந்தால் உள்ளே நீர், நம் ஊரில் ஓதம் என்போம். கும்பகோணம் பக்கத்தில் யானைக்கால் கொசு அந்த நாளில் நிறையப் பேருக்குக் கொடுத்துவிட்டுப் போன சொத்து. ஒளிராமல் இருட்டாக நின்றால் கட்டியாகவோ குடலிறக்கமாகவோ இருக்கலாம். தொடையின் உட்பக்கம் மெல்லக் கீறினால் அந்தப் பக்க விரை சட்டென்று மேலே ஏறும், சிறுவர்களிடம் இது தெளிவாகத் தெரியும். விரை முறுக்கிக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது. அப்போது கையில் இருப்பது சுமார் ஆறு மணி நேரம், அதற்குள் அறுவை செய்து முறுக்கைப் பிரித்தால்தான் விரை பிழைக்கும். பையன் வெட்கப்பட்டு "வயித்து வலி" என்று மட்டும் சொல்வான். பெற்றோர் இதை அவசியம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜபமாலை மாதிரி ஒன்று குழந்தை மருத்துவர் மேசையில் கிடந்தால் கும்பிட்டுவிடாதீர்கள்! சூரிக்கின் ஆண்ட்ரியா பிராடர் 1966-ல் அறிமுகப்படுத்திய விரை அளவுகோல் அது. 1 மில்லியிலிருந்து 25 மில்லி வரை பன்னிரண்டு மணிகள். ஒரு கையில் மணி, மறு கையில் பையனின் விரை. 4 மில்லி மணிக்கு ஈடானால் வாலிபம் தொடங்கிவிட்டது!

விரையின் பின்னாலிருந்து மேலே போகும் விந்துக்குழாய் விரல்களுக்கிடையே முறுக்கிய கயிறாக உருளும். சிலருக்குப் பிறவியிலேயே ஒரு பக்கம் அது இருக்காது. அப்படியானால் அந்தப் பக்கச் சிறுநீரகமாவது இருக்கிறதா என்று ஸ்கேன் எடுப்பார்கள், கருவில் இரண்டும் ஒரே இடத்து வேர்.

அந்தக் குழாயை வைத்துத்தான் டெல்லி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது! டெல்லி ஐ.ஐ.டி.யில் சுஜாய் குகா என்ற பொறியாளர் முதலில் யோசித்தது குடிநீர்க் குழாயின் உட்புறத்தில் பூசிக் கிருமி கொல்லும் ஒரு பாலிமரை. அதையே விந்துக்குழாய்க்குள் ஊசியால் செலுத்தினால்? இதற்காகவே டெல்லி பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். வேறு படித்தார் மனிதர்! அந்தக் கருத்தடை ஊசிக்கு ரிசுக் என்று பெயர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 303 ஆண்களிடம் நடத்திய மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2023-ல் வந்தது, கருத்தடையில் 99 சதவீத வெற்றி. கத்தியில்லாத ஆண் கருத்தடைக்கு 1974-ல் சீனாவின் லீ ஷுன்சியாங் வகுத்த முறையிலும் குழாயைத் தோலுக்கடியில் பிடித்து நிறுத்துவது மூன்று விரல்கள்தான்.

கத்தியில்லாத வசதியே இருக்கிறது. ஆனால் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: குழந்தை பெறும் வயதிலுள்ள மணமான பெண்களில் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் 100-க்கு சுமார் 38 பேர். கணவர் செய்துகொண்டது 1000-க்கு 3!