ஊரைப் படிக்கலாம் வாங்க!



லீவுக்கு வெளியூர் போனால் என்ன செய்வோம்? பெரிய கோயிலைப் பார்ப்போம். கோபுரத்தின் முன்னால் நின்று போட்டோ எடுப்போம். ஓட்டலில் பூரி சாப்பிடுவோம். பஸ் ஏறி விடுவோம். "அந்த ஊரைப் பார்த்தாச்சு" என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வோம். நிஜமாகவே பார்த்தோமா?

ஊர்க்காரர் கண்ணுக்குத் தெரிவது வேறு. எந்தக் கடையில் எத்தனை மணிக்கு வடை சூடாக இருக்கும், எந்த மரத்தடியில் பெரியவர்கள் கூடுவார்கள், மழை பெய்தால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரைப் போல ஓர் ஊரைப் பார்ப்பது எப்படி? ஒரு சின்ன ஊரை எடுத்துக்கொண்டு பழகிப் பார்ப்போமா?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணை ஆற்றின் தென்கரையில் இருக்கிறது மணலூர்பேட்டை. ஒரு பேரூராட்சி. வடக்கே ஆற்றைக் கடந்து போனால் திருவண்ணாமலை. கிழக்கே போனால் திருக்கோவிலூர். தெற்கே போனால் தியாகதுருகம்.

பெயரைப் பிரியுங்கள்!

புது ஊருக்குப் போனதும் முதலில் பெயர்ப்பலகையைப் படியுங்கள். மணல் + ஊர் + பேட்டை. மணல் ஆற்றைச் சொல்கிறது. 'பேட்டை' என்றால் சந்தை கூடும் இடம், வியாபாரிகள் வந்து தங்கும் இடம். உளுந்தூர்பேட்டை, ராணிப்பேட்டை, சைதாப்பேட்டை என்று எத்தனை பேட்டைகள்! ஊருக்குள் நுழையும் முன்பே ஆறும் கடைத்தெருவும் கண்ணில் தெரிகின்றன அல்லவா?

மூன்று மாவட்டத்துத் தாத்தா

இந்த ஊரில் பிறந்து, இதே ஊரிலேயே வாழும் எண்பது வயதுத் தாத்தா ஒருவரிடம், "நீங்கள் எந்த மாவட்டத்தில் பிறந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "தென்னார்க்காடு" என்பார். 1993-இல் அது பிரிந்து விழுப்புரம் மாவட்டம் வந்தது. 2019 நவம்பரில் விழுப்புரமும் பிரிந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் வந்தது. தாத்தா வீடு மாறவே இல்லை. ஆனால் மூன்று மாவட்டத்தில் வாழ்ந்துவிட்டார்! இந்தச் சரித்திரம் கோயில் கல்வெட்டில் இருக்காது. தாத்தாவின் பழைய பள்ளிச் சான்றிதழில் இருக்கும்.

டீக்கடைதான் பள்ளிக்கூடம்

ஊரைத் தெரிந்துகொள்ளக் காலை ஆறு மணி டீக்கடையை விட நல்ல இடம் கிடையாது. அப்பாவுடனோ மாமாவுடனோ போய் ஓரமாக உட்காருங்கள். ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். இன்னொருவர் கரும்பு வெட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை என்பார். இந்த வட்டாரத்தில் கரும்பு முக்கியமான பயிர். மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. சாலையில் கரும்பு ஏற்றிக்கொண்டு போகும் டிராக்டர் எங்கே போகிறது என்பது இப்போது புரிந்ததா?

சாப்பிடும்போதும் ஒரு வழி சொல்கிறேன். "இங்கே எது ஸ்பெஷல்?" என்று கேட்காதீர்கள். "இந்த மாசத்தில் என்ன விளையுது?" என்று கேளுங்கள். வெயில் காலம் என்றால் கம்பங்கூழ். கூடவே மோர் மிளகாய், சின்ன வெங்காயம். கல்வராயன் மலையில் விளையும் சாமையும் தினையும், அங்கே எடுக்கும் தேனும் புளியும் கீழே சமவெளிக் கடைகளுக்கு வரும்.

அவித்த வேர்க்கடலை கேட்டால், "மல்லாட்டையா?" என்று திருப்பிக் கேட்பார்கள். திகைக்க வேண்டாம்! பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகர் எது? மணிலா. வேர்க்கடலைக்கு மணிலாக்கொட்டை என்று ஒரு பெயர் உண்டு. அதுதான் மக்கள் வாயில் மருவி மல்லாட்டை ஆனது. ஒரு பொட்டலம் கடலைக்குள் கடல் கடந்த கதை!

யாரிடம் பேசினாலும் முறை வைத்துக் கூப்பிடுங்கள். அண்ணே, அக்கா, ஐயா. பாட்டியை இந்தப் பக்கம் 'ஆயா' என்பார்கள். "ஆயா, சௌக்கியமா?" என்று கேட்டுப் பாருங்கள். கதை தானாக வரும்.

தை 5

மணலூர்பேட்டைக்குப் போக நல்ல நாள் தை மாதம் 5-ஆம் தேதி. அன்றுதான் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலை அண்ணாமலையார் தென்பெண்ணையில் தீர்த்தவாரிக்காக இங்கே எழுந்தருள்வார். சுற்று வட்டாரக் கோயில்களின் உற்சவர்களும் வந்து சேர்வார்கள். ஆற்று மணலில் கடைகள் முளைக்கும். பலூன், வளையல், பொரி எல்லாம் கிடைக்கும். தென்பெண்ணைக் கரை ஆற்றுத் திருவிழாக்களில் சிறுவள்ளிக் கிழங்கும் விற்கும். வாங்கி வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

ஆற்றைப் படிக்காவிட்டால்...

இனி முக்கியமான பாடத்துக்கு வருவோம். வெயில் காலத்தில் பாலத்தின் மீது நின்று பார்த்தால் தென்பெண்ணையில் பெரும்பாலும் மணல்தான் தெரியும். "இதுவா ஆறு?" என்று சிரிக்கத் தோன்றும். சிரிக்காதீர்கள்!

இந்த ஆறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, 400 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, கடலூர் அருகே கடலில் சேர்கிறது. ஆகவே நம் ஊரில் மழை பெய்யாவிட்டாலும் ஆறு பொங்கலாம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்குப் பிறகும் மழை விடவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தத் தண்ணீரும் தென்பெண்ணைக்குத்தான் வந்தது. 119 அடி உயர சாத்தனூர் அணை நிரம்பி வழியும் நிலை. டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது.

அது எவ்வளவு தண்ணீர்? கணக்குப் போடுவோம். ஒரு கன அடி ஏறக்குறைய 28 லிட்டர். அப்படியானால் விநாடிக்கு 47 லட்சம் லிட்டர்! 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியைப் பார்த்திருப்பீர்கள். ஒரே விநாடிக்குள் அப்படி ஏறக்குறைய 400 லாரித் தண்ணீர் பாய்ந்து வந்தால் எப்படி இருக்கும்!

அணைக்குக் கீழே அகரம்பள்ளிப்பட்டு அருகே, திறந்து மூன்று மாதமே ஆன உயர்மட்டப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. கரையோர ஊர்கள் பலவற்றில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மணலூர்பேட்டையும் சாத்தனூருக்குக் கீழே இதே ஆற்றின் கரையில் இருக்கும் ஊர்தான்.

அப்படி ஓர் இரவில், "தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொன்னால், மேடு எது என்று தெரிய வேண்டாமா? எந்தத் தெரு வழியாகப் போனால் தண்ணீர் குறுக்கே வராது? அதை ஊரைப் படித்தவர்தான் சொல்ல முடியும். வடைக்கடையைத் தெரிந்து வைத்திருப்பது நாக்குக்கு நல்லது. மேட்டைத் தெரிந்து வைத்திருப்பது உயிருக்கு நல்லது.

நீங்களும் வரையுங்கள்

முன்பெல்லாம் மூன்றாம் வகுப்பில் எங்கள் மாவட்டத்தைப் பற்றித்தான் பாடம் இருக்கும். நான் பாடம் நடத்தும்போது, முதலில் வகுப்பறையை வரையச் சொல்வேன். பிறகு பள்ளி. பிறகு தெரு. அதற்குப் பிறகுதான் மாவட்டப் படத்தைத் தொங்கவிடுவேன். அதே வரிசையில் நீங்களும் செய்யலாம். ஒரு பெரிய தாள் எடுத்து உங்கள் ஊர்ப் படத்தை வரையுங்கள்.

* சிவப்பில்: டீக்கடை, மளிகைக்கடை, சந்தை. எந்த நேரத்தில் கூட்டம் என்றும் எழுதுங்கள்.
* மஞ்சளில்: மக்கள் உட்கார்ந்து பேசும் இடங்கள். ஆலமரம், கோயில் மண்டபம், நூலகம், விளையாட்டுத் திடல்.
* நீலத்தில்: ஆறு, ஏரி, குளம், வாய்க்கால். பெருமழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு அங்கே ஒரு கோடு போடுங்கள். இரண்டு பேர் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் குறியுங்கள்.
* பச்சையில்: மேடான இடங்களும் அங்கே போகும் வழியும்.

படத்தின் ஓரத்தில் 1077 என்று எழுதி வையுங்கள். ஆபத்துக் காலத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிடும் எண் அது.

ஒரு எச்சரிக்கை! பெரியவர் துணை இல்லாமல் ஆற்றில் இறங்கக் கூடாது. மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் ஆழமாக இருக்கும். மேலே பார்த்தால் தெரியாது.

படம் முடிந்ததும் வீட்டில் தாத்தாவிடமும் ஆயாவிடமும் காட்டுங்கள். நிச்சயம் இரண்டு மூன்று தப்பு கண்டுபிடிப்பார்கள். திருத்தி, திங்கட்கிழமை உங்கள் ஆசிரியரிடம் கொடுத்து வகுப்பில் மாட்டச் சொல்லுங்கள்.

என்ன, கலர் பென்சில் டப்பா எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டீர்களா?