எலும்பைக் காக்க முதலில் தண்ணீரைப் பாருங்கள்

‘வயசானா இடுப்பு வலி, முதுகு வலி வரத்தான் செய்யும்’ என்று சொல்லி விட்டுவிடுகிறோம். தர்மபுரி மாவட்டத்தில் அப்படி விட்டுவிடக் கூடாது. வயதோடு வரும் எலும்புத் தேய்மானம் ஒரு பக்கம் என்றால், போர்த் தண்ணீரில் கரைந்து வரும் ஃபுளோரைடு இன்னொரு பக்கம்.

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேலுள்ள நீரைக் குழந்தைகள் குடித்து வளர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பில் ஃபுளோரைடு சேர்ந்து முதுகும் கழுத்தும் விறைத்துப்போகும். ஃபுளோரைடால் வரும் இந்நோய் இந்தியாவில் முதலில் பதிவானது 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதியில்.

அடர்த்தி வேறு, உறுதி வேறு

ஃபுளோரைடு சேர்ந்த எலும்பு அடர்த்தியாகத் தெரியும், ஆனால் உறுதியாக இருக்காது. அமெரிக்காவில் எலும்புத் தேய்மானம் உள்ள பெண்களுக்கு ஃபுளோரைடையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1990-இல் முடிவு வெளியானது. நான்கு ஆண்டுகளில் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் கூடியிருந்தது. முதுகெலும்பு முறிவோ குறையவில்லை. கை, கால் எலும்பு முறிவுகள் அதிகமாயின.

ஆகவே போர்த் தண்ணீரே குடித்து வளர்ந்தவர்கள் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கும்போது, அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ‘அடர்த்தி நன்றாக இருக்கிறது’ என்ற முடிவு மட்டும் அவர்களுக்குப் போதாது.

உணவில் கால்சியம் குறைந்தால் ஃபுளோரைடின் கேடு கூடும். ஆந்திரத்தில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் முழங்கால்கள் உள்நோக்கி வளைந்த இளம் வயதினருக்கு எலும்புத் தேய்மானமும் இருந்ததை, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 1973-இல் எழுதினார்கள்.

என்ன செய்யலாம்?

முதல் மருந்து நல்ல தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக 2008-இல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் நிதியுதவியுடன் சுமார் 1,929 கோடி ரூபாயில் உருவான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. குடிக்க மட்டுமல்ல, சமைக்கவும் அந்தக் காவிரி நீரையே பயன்படுத்துங்கள். போர்த் தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

அடுத்தது சாப்பாடு. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் ராகியில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. நம் மண்ணில் விளையும் ராகியை 2023 முதல் இம்மாவட்ட ரேஷன் கடைகளிலும் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் களி மட்டும் போதாது. முளைகட்டிய ராகிக் கூழ், மோர், பால், முருங்கைக்கீரை, எள் எல்லாம் சேர வேண்டும். கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயில் தோலில் பட வேண்டும். நடையும் உடலுழைப்பும் எலும்புக்கு வலு சேர்க்கும். புகையும் மதுவும் அதைக் கரைக்கும்.

45 வயதுக்குள் மாதவிடாய் நின்றவர்கள், கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்கள், மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்கள், பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்தவர்கள் ஆகியோர் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். உயரம் குறைந்தாலோ, கூன் விழுந்தாலோ, லேசாக வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். மாவு கட்டி அனுப்புவதோடு முடிவதல்ல அது. அடுத்த முறிவு இடுப்பில் வராமல் தடுக்கக் கிடைத்த வாய்ப்பு.

எலும்பு முப்பது வயதுக்குள் சேர்ப்பதைத்தான் முதுமையில் செலவழிக்கிறது. அதனால் பாட்டிக்கு மாத்திரை வாங்கும் அதே அக்கறையோடு, பேத்தி எந்தத் தண்ணீரைக் குடிக்கிறாள் என்றும் பாருங்கள். உங்கள் ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை விடாமல் கேளுங்கள்.