காதில் எண்ணெய் ஊற்றினேன்!



எங்களுக்கு தியாகதுருகம் பக்கம் ஒரு கிராமம். கரும்பு விவசாயம். ஒரே மகள், பட்டப்படிப்பு முடித்து, அரசுத் தேர்வுக்காக வீட்டிலிருந்தே படிக்கிறாள். அவளுக்கு 22 வயதில் நேர்ந்ததை எழுதுகிறேன்.

"காது வலிக்குதும்மா, அடைச்ச மாதிரி இருக்கு" என்றுதான் ஆரம்பித்தாள். நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, காதில் விட்டேன். வலி போகவில்லை. காது டாக்டரோ, "சீழ் இல்லை, சவ்வும் நன்றாக இருக்கிறது" என்றார். அடுத்து நெற்றிப்பொட்டில் தலைவலி. கண் டாக்டரிடம் போனோம். கண்ணாடி தேவையில்லை என்றார். சைனஸ் என்று ஒருவர் மாத்திரை கொடுத்தார். அதுவும் வீண்.

அப்போது அவளுக்கு வரன் பார்த்துக் கொண்டிருந்தோம். பெண் பார்க்க வருகிற நாளெல்லாம் தலைவலி என்று படுத்துக் கொள்வாள். எனக்குக் கோபம். "நடிக்கிறியாடி?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

என் மாமியார் மட்டும், "ராத்திரியெல்லாம் பல்லை நறநறன்னு கடிக்கிறா. வயித்துல பூச்சி இருக்கும்" என்றார். பூச்சி மாத்திரையும் கொடுத்தாயிற்று.

2024 பொங்கலன்று கரும்பைக் கடித்தாள். காதருகே 'டொக்'கென்று ஒரு சத்தம். அதன்பின் வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. பயந்துபோய், விருத்தாசலம் வழியாக பஸ் மாறி, சிதம்பரத்தில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போனோம்.

அங்கிருந்த டாக்டரம்மா, அவள் காதுகளுக்கு முன்னால் விரல் வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னார். "காதில் கோளாறு இல்லைம்மா, தாடை மூட்டில்" என்றார். அந்த மூட்டு காதை ஒட்டியே இருப்பதால் வலி காதில் தெரிகிறதாம். காது அடைப்பதும் இரைவதும் கூட வருமாம். மெல்லும் தசை ஒன்று நெற்றிப்பொட்டு வரை விரிந்திருப்பதால் தலைவலி. 1934லேயே ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது டாக்டர், தாடை மூட்டையும் காது வலியையும் தொடர்புபடுத்தி எழுதியிருக்கிறாராம். இளம்வயதுப் பெண்களுக்கு இது அதிகம் என்றும் சொன்னார். தூக்கத்தில் பல் கடிப்பதும், மனக்கவலையும் இதைக் கூட்டுமாம். பூச்சிக்கும் பல் கடிப்பதற்கும் சம்பந்தமில்லையாம்.

ஆபரேஷன் எதுவும் வேண்டாம் என்றார். குழைந்த சாதம், இட்லி. முறுக்கு, கரும்பு, சூயிங்கம் கூடாது. வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம். கொட்டாவி வந்தால் மோவாயைக் கையால் தாங்க வேண்டும். இரவில் பல்லில் மாட்ட ஒரு தகடு, தாடைக்குச் சிறு பயிற்சி. "சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம்; மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டவே கூடாது" என்றது மறக்கவில்லை.

கடைசியாக, "மனசுல என்னம்மா கவலை?" என்று அவளைக் கேட்டார். பொலபொலவென்று அழுதுவிட்டாள். "இன்னொரு முறை பரீட்சை எழுதணும் மேடம். அதுவரைக்கும் கல்யாணம் வேணாம்னு அம்மாகிட்ட சொல்ல பயமா இருக்கு" என்றாள். எனக்குத் தலைநிமிர முடியவில்லை.

அந்த வாரமே தரகரிடம் சொல்லி நிறுத்தினோம். மூன்று மாதத்தில் மூன்று விரல் நுழையும் அளவு வாய் திறந்தது, காதுவலி போயிற்று. கவலை வந்தால் தலைவலி எட்டிப் பார்க்கும். உடனே ஒத்தடம் கொடுப்பேன். அந்தப் பரீட்சையில் அவள் தேறவில்லை, மறுபடி படிக்கிறாள். இப்போதெல்லாம் எதுவானாலும் வாய்திறந்து சொல்லிவிடுகிறாள்.

சகோதரிகளே, பிள்ளைகள் காதுவலி என்றால் எண்ணெய் ஊற்றாதீர்கள். முதலில் காது டாக்டரிடம் காட்டுங்கள். காது சுத்தம் என்று அவர் சொல்லியும் வலி நீடித்தால், மெல்லும்போது வலிக்கிறதா, தாடையில் சத்தம் வருகிறதா என்று கேட்டு, பல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். என்னைப்போல் 'நடிக்கிறியா' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தை எனக்கு இன்றும் உறுத்துகிறது.

- ஒரு வாசகி, தியாகதுருகம்.