எழுத்தைப் பெரிதாக்கினால் வெண்பா உடைகிறதா?

பெங்களூரில் இயங்கும் பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பரில் ஸ்டோரிவீவர் தளத்தைத் தொடங்கியது. தமிழ் உட்படப் பல மொழிகளில் சிறுவர் கதைகளை அங்கே யாரும் இலவசமாகப் படிக்கலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். படக்கதையில் படமும் வரியும் ஒட்டிப் பிறந்தவை. யானை குழியில் விழும் படத்தோடுதான் அது விழுந்த வரியும் இருக்க வேண்டும். அடுத்த பக்கத்துக்கு நழுவினால் கதையே போச்சு. அதனால் இத்தகைய மின்னூல்களில் பக்கத்தை அசையாமல் நிறுத்திவைப்பது வழக்கம். திரை சிறிதானால் பக்கம் மொத்தமாகச் சுருங்கும். பக்கத்துக்கு நான்கு வரி உள்ள குழந்தைப் புத்தகம் அதைத் தாங்கும். நானூறு பக்க நாவல் தாங்காது.

நாவலுக்கு வழி வேறு. 2007-இல் தரப்படுத்தப்பட்ட இபப் வடிவம் உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. உள்ளே இருப்பவை இணையப் பக்கங்கள். அச்சுநூலில் உள்ளதுபோல் நிலையான பக்கம் அதில் கிடையாது. எத்தனை வரி, வரிக்கு எத்தனை சொல் என்பதை வாசகரின் கருவிதான் அந்த நேரத்தில் முடிவுசெய்கிறது. 6 அங்குலக் கிண்டிலில் ஒரு மாதிரி, செல்பேசியில் ஒரு மாதிரி, கண்ணாடியை மறந்துவந்த தாத்தா எழுத்தைக் கூட்டினால் இன்னொரு மாதிரி. லேஅவுட் செய்தே பழகியவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் சமாச்சாரம் இது.

அச்சுக்காக இன்டிசைன் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த கோப்பை அப்படியே இபப்பாக மாற்றினால் பழைய பழக்கங்களும் கூடவே வந்துவிடும். எழுத்து 12 பாயின்ட், வரி உயரம் 16 பாயின்ட் என்று பூட்டியிருப்பார்கள். வாசகர் எழுத்தை இருமடங்காக்கும்போது சில செயலிகளில் எழுத்து வளரும், வரி உயரம் அப்படியே நிற்கும். மேல்வரியில் உள்ள 'பு', 'சு' ஆகியவற்றின் வால், கீழ்வரியின் புள்ளியில் போய் இடிக்கும். எல்லா அளவையும் எழுத்தின் மடங்காகச் சொல்வதே தீர்வு: வரி உயரம் எழுத்தைப் போல் 1.5 மடங்கு, பத்தியின் உள்தள்ளல் 1 மடங்கு. படத்துக்குத் திரையின் அகலத்தில் சதவீதக் கணக்கு.

செய்யுள்தான் பெரிய சோதனை. வெண்பாவில் ஈற்றடிக்கு மூன்று சீர், மற்ற அடிகளுக்கு நான்கு. எழுத்தைக் கூட்டினால் நான்காம் சீர் இடமில்லாமல் கீழே இறங்கித் தனி அடிபோல் நிற்கும். நான்கடி வெண்பா ஏழடியாகத் தெரியும்; யாப்பு அறியாதவர் புதுக்கவிதை என்றே நினைப்பார். ஸ்பேஸ் தட்டித் தட்டி ஒப்பேற்றும் வித்தை இங்கே செல்லாது. ஒவ்வோர் அடியையும் தனிப் பத்தியாக்கி, இடப்பக்கம் 2 மடங்கு ஓரம் விட்டு, அதன் முதல் வரியை மட்டும் அதே அளவு பின்னுக்கு இழுக்க வேண்டும். மடங்கி இறங்கும் சீர் அப்போது உள்ளே தள்ளி நிற்கும். அடி எங்கே தொடங்குகிறது என்பதில் குழப்பம் வராது. மின்னூலின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பில் இதற்கு இரண்டே வரி போதும். அதைக்கூடச் செய்யாமல் செய்யுள் நூலுக்கு விலை வைப்பது அடாவடி.

உரைநடையும் தப்பாது. 'செய்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது தமிழில் ஒரே சொல். இருபுறமும் சமன்செய்யும் ஜஸ்டிஃபை அமைப்பில் அது அடுத்த வரிக்கு ஓடினால், மேல்வரியில் மிச்சமிருக்கும் இரண்டு சொற்களும் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். அச்சுக்கோப்பவர் சொல்லை ஏற்ற இடத்தில் உடைத்துச் சமாளித்தார். எல்லாச் செயலிக்கும் அந்தக் கைப்பழக்கம் வராது. செல்பேசி வாசிப்புக்கு இடப்பக்கம் மட்டும் சீராக இருந்தால் போதும் என்பதே என் கட்சி.

இவ்வளவும் கருவிக்குத் தமிழ் தெரிந்தால்தான். பழைய கிண்டில்களில் கொம்பும் காலும் இடம் மாறின, அல்லது எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வந்தன. 2013-இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் குழு, இபப், மோபி, ஏ4 பிடிஎஃப் ஆகியவற்றோடு 6 அங்குல பிடிஎஃப் ஒன்றையும் தந்தது இந்தத் தொல்லைக்கு நல்ல மாற்றாக இருந்தது. எழுத்துரு உள்ளேயே பதிந்திருப்பதால் எழுத்து சிதையாது. ஆனால் இபப்பைப் போல் எழுத்தை மட்டும் கூட்ட முடியாது. அமேசான் 2016 டிசம்பரில் தமிழ், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்து மொழி நூல்களைக் கிண்டிலுக்குக் கொண்டுவந்தது.

நூலாசிரியர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மின்னூல் கோப்பு கைக்கு வந்ததும் கணினியில் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லாதீர்கள். செல்பேசியில் திறந்து, எழுத்தை உச்ச அளவுக்கு ஏற்றி, ஒரு பாடல், ஓர் அட்டவணை, ஓர் அடிக்குறிப்பு ஆகிய மூன்றையும் பாருங்கள். மூன்றில் ஒன்று உடைந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.