எண்பத்தேழில் ஒரு பங்கு

பெரம்பூரில் தயாரான பழைய படுக்கை வசதிப் பெட்டியின் உடல் நீளம் 21,337 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 245 மி.மீ. வரும். பிள்ளைகளின் ஓரடி அளவுகோலை விடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். பெட்டியின் அகலம் 3,245 மி.மீ.; வகுத்தால் 37. அது தீப்பெட்டியின் அகலம். சக்கரத்தின் விட்டம் 915 மி.மீ.; வகுத்தால் பத்தரை. சட்டைப் பொத்தான் அளவு.

மாதிரி ரயில் செய்பவர்கள் இந்த மூன்று எண்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறார்கள். பார்த்தால் வெறும் வகுத்தல் கணக்கு. ஆனால் இந்தக் கைவேலையில் இறங்கியவர்களுக்குச் சீக்கிரமே ஒன்று புரிந்துவிடும்: நீளமும் அகலமும் சொன்னபடி 87ஆல் வகுபடும், எடை வகுபடாது, வளைவு வகுபடாது, வேகம் வகுபட்டாலும் மனம் ஒப்பாது, நிறம்கூட அப்படியே வராது. எதை வகுக்க வேண்டும், எதை வகுக்கக் கூடாது என்று பிரித்தறிவதில்தான் நல்ல மாதிரியும் கடைப் பொம்மையும் வேறுபடுகின்றன.

87 எங்கிருந்து வந்தது?

1891இல் ஜெர்மனியின் லைப்சிக் சந்தையில் மார்க்லின் நிறுவனம் சாவி கொடுத்து ஓடும் ரயிலையும், அதற்கான தண்டவாளங்களையும் காட்சிக்கு வைத்தது. தண்டவாள அகலங்களுக்கு வரிசை எண்கள் கொடுத்தது அந்த நிறுவனம்தான். இன்று வாங்கிய ரயிலுக்கு அடுத்த ஆண்டு கூடுதல் தண்டவாளம் வாங்கிச் சேர்க்கலாம் என்ற வசதி அப்போதுதான் பிறந்தது. பிறகு வீடுகள் சிறுத்தன, ரயில்களும் சிறுத்தன. பூஜ்யம் என்று பெயரிட்ட அளவு வந்தது. அதிலும் பாதியாக்கியபோது ஜெர்மானியர்கள் அதை ‘அரைப் பூஜ்யம்’ என்றார்கள். அதுதான் இன்று உலகெங்கும் எச்ஓ என்று வழங்கும் அளவு. அசலில் ஓர் அடிக்கு மாதிரியில் மூன்றரை மி.மீ.; அதாவது 87இல் ஒரு பங்கு. இதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.

இங்கிலாந்தில் வேறு விதமாக நடந்தது. அங்குள்ள ரயில் என்ஜின்கள் ஐரோப்பிய என்ஜின்களை விடச் சிறியவை. 87ஆல் வகுத்த உடலுக்குள் அக்கால மோட்டார் நுழையவில்லை. எனவே உடலை மட்டும் 76இல் ஒரு பங்காகப் பெரிதாக்கிவிட்டு, தண்டவாளத்தைப் பழைய 16.5 மி.மீ.யிலேயே விட்டுவிட்டார்கள். அந்தச் சமரசம் இன்று வரை அந்நாட்டின் பொது அளவாக நிற்கிறது.

நம் ரயிலைச் செய்பவர்களுக்கும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. 16.5 மி.மீ. தண்டவாளம், ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதைக்குப் பொருந்துவது. நம் அகலப் பாதை 1,676 மி.மீ.; அதை 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வேண்டும். அந்த அகலத்தில் தண்டவாளம் கடையில் கிடைக்காது. சக்கரம், பாதை மாற்றும் பாயிண்ட் எல்லாம் கையால்தான் செய்ய வேண்டும். அதனால் பெரும்பாலோர் உடலைச் சரியான அளவில் செய்து 16.5 மி.மீ. பாதையில் ஓட்டுகிறார்கள். பக்கவாட்டில் பார்த்தால் குறை தெரியாது. ரயிலின் முகத்துக்கு நேரே நின்று பார்த்தால் மட்டும் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கியிருப்பது தெரியும்.

பெட்டியைப் பார்க்கப் பழகுதல்

முதல் முயற்சிக்கு என்ஜினை விடப் பெட்டியே நல்லது. அதிலும் ஐ.சி.எஃப். (இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி) பெட்டி. பெரம்பூரிலுள்ள அந்தத் தொழிற்சாலை 1955 அக்டோபர் 2 அன்று சுவிட்சர்லாந்து நாட்டின் தொழில்நுட்பத்தோடு தொடங்கியது. தனியாக ஓர் அடிச்சட்டம், அதன் மேல் ஒரு கூடு என்றில்லாமல், சுவர், கூரை, தளம் எல்லாம் சேர்ந்து பாரத்தைத் தாங்கும்படி எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து ஒன்றாக்கிய உடல் அது. தொழிற்சாலையின் பெயரிலுள்ள ‘இன்டெக்ரல்’ என்ற சொல் இதைத்தான் குறிக்கிறது. மாதிரி செய்பவருக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு: பக்கச் சுவர் வழுவழுப்பானது. பழைய நீராவி என்ஜின்களில் இருப்பதுபோல ஆணித்தலைகளை வரிசை வரிசையாக எழுப்ப வேண்டியதில்லை.

சுவர் எளிது; போகி எளிதல்ல. பேச்சில் நாம் பெட்டியையே போகி என்று சொல்லிவிடுகிறோம். ரயில்வே தொழிலில் போகி என்பது பெட்டிக்கு அடியில், இரண்டு முனையிலும் இருக்கும் நான்கு சக்கரச் சட்டம். ஐ.சி.எஃப். போகியில் ஒவ்வோர் அச்சுப் பெட்டிக்கும் இரு பக்கத்திலும் சுருள்வில் தெரியும். அந்த விற்கள்தான் இந்தப் பெட்டியின் அடையாளம். வெளிநாட்டுப் போகி ஒன்றை வாங்கி அடியில் மாட்டினால், ரயிலோடு வளர்ந்த எவருக்கும் ஒரே பார்வையில் பிடிபட்டுவிடும்.

நேரில் பார்க்க வேண்டுமானால் சென்னை வில்லிவாக்கத்தில், ஐ.சி.எஃப். அருகே 2002இல் திறந்த ரயில் அருங்காட்சியகம் நல்ல இடம். அங்கே குனிந்து அடிப்பாகத்தைப் பார்க்கலாம். மின்கல அடுக்கு எங்கே, பிரேக் சிலிண்டர் எங்கே, அச்சிலிருந்து பெல்ட் வழியாகச் சுழலும் ஆல்டர்னேட்டர் எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் வரைந்துகொள்வது பல நாள் தேடலை மிச்சப்படுத்தும்.

ஜன்னல் கம்பி

சுவருக்கு அரை மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் தாள் போதும். அதைக் கத்தியால் முழுக்க அறுக்க வேண்டியதில்லை. இரும்பு அளவுகோலைப் பிடித்து இரண்டு மூன்று முறை கீறிவிட்டு மடித்தால் கோட்டின் மேலேயே சுத்தமாக முறியும். ஜன்னல்களுக்கு முதலில் நான்கு மூலையிலும் சிறு துளையிட வேண்டும். பிறகு துளைக்குத் துளை கீற வேண்டும். துளையிடாமல் கீறினால் கத்தி மூலையைத் தாண்டி ஓடிவிடும். வண்ணம் பூசிய பிறகு அந்தக் கீறல் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். 72 படுக்கைகள், ஒன்பது தடுப்புகள், தடுப்புக்கு இரண்டு ஜன்னல். இரண்டு பக்கமும் சேர்த்து எத்தனை மூலைகள் என்று கணக்குப் போட்டால், இதற்கு வேண்டிய முக்கியமான கருவி பொறுமை என்பது தெரியும்.

கம்பியில் வகுத்தல் மீண்டும் மறுக்கிறது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத கம்பி 87இல் ஒரு பங்கானால், தலைமுடியை விடச் சற்றே தடித்த இழையாகிவிடும். கைபட்டால் வளையும். எனவே அசல் கணக்கை விடக் கொஞ்சம் தடித்த இழையையே எடுக்க வேண்டும். மின்வயரின் உறையை உரித்தால் உள்ளே கிடைக்கும் செம்பு இழைகள் இதற்கு அருமையாகப் பொருந்தும். இழையைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, இன்னொரு கண்ணாடித் துண்டால் அழுத்தி உருட்டினால் ஊசி போல் நேராகும். அதைச் சாமணத்தால் எடுத்து, சுவரின் உட்புறம் பல்குச்சி முனையளவு பசை தொட்டு ஒட்டலாம். அவசர ஜன்னலில் மட்டும் கம்பி வைக்கக் கூடாது. அந்த ஒரு வெற்று ஜன்னலைச் சரியான இடத்தில் விட்டவர் பெட்டியை நிஜமாகவே கவனித்திருக்கிறார் என்று அர்த்தம்.

அறுபது கிராமும் நூற்று அறுபத்தைந்தும்

நான் முதலில் செய்த பெட்டி நேர்ப்பாதையில் அழகாக ஓடியது. முதல் வளைவிலேயே சாய்ந்தது. போகியைக் கழற்றி மாட்டினேன், அச்சை அரத்தால் தேய்த்தேன், தண்டவாளத்தைத் துடைத்தேன். கடைசியில் சமையலறைத் தராசில் வைத்தபோதுதான் குற்றம் யாருடையது என்று தெரிந்தது. பெட்டியின் எடை எழுபது கிராம்கூட இல்லை.

கணக்குப்படி அது தவறே அல்ல. நீளம் 87ஆல் குறைந்தால் பரப்பு 87 பெருக்கல் 87ஆல் குறையும். கன அளவு இன்னொரு 87ஆலும் குறையும். மொத்தம் 6,58,503 மடங்கு. 40 டன் பெட்டியை அப்படி வகுத்தால் கிடைப்பது சுமார் 60 கிராம். ஆனால் உராய்வும் தண்டவாள இணைப்பில் உள்ள மேடுபள்ளமும் அந்த விகிதத்தில் குறைவதில்லை. எனவே 1935இல் தொடங்கிய அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் ஒரு சூத்திரம் வகுத்திருக்கிறது: எச்ஓ பெட்டிக்கு ஓர் அவுன்ஸ், அதோடு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். நம் 245 மி.மீ. பெட்டிக்கு அது சுமார் 165 கிராம். தளத்தின் நடுக்கோட்டில் இரும்பு வாஷர்களையும் தூண்டில் ஈயக்குண்டுகளையும் ஒட்டி அந்த எடைக்குக் கொண்டுவந்தேன். அதன் பிறகு பெட்டி வளைவில் ஒருமுறைகூடச் சாயவில்லை.

வளைவும் இப்படித்தான். அகலப் பாதையில் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். மாதிரியில் இரண்டு மீட்டர். அரைவட்டம் திரும்ப நான்கு மீட்டர் அகலமுள்ள அறை வேண்டும். கடையில் கிடைக்கும் வளைவுகளில் பரவலானது 44 செ.மீ. ஆரம் கொண்டது. அதில் திரும்ப வேண்டுமென்றால் போகி அசலை விட அதிகம் சுழல வேண்டும். அது இடிக்காமலிருக்க அடிப்பாகக் கருவிகளைச் சற்று உள்ளே தள்ளி ஒட்ட வேண்டும்.

என்ஜினுக்குள்

என்ஜினில் டபிள்யூ.டி.எம்.2 டீசலை எடுத்துக்கொள்வோம். 1962இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திலிருந்து வந்து, 1964 முதல் வாரணாசியில் தயாரானது. அதன் ஒவ்வொரு போகியிலும் மூன்று அச்சுகள். மூன்றுக்கும் நடுவில் உள்ள இடைவெளிகள் சமமல்ல. சம இடைவெளியுள்ள வேறு என்ஜினின் அடிச்சட்டத்தை வாங்கி அதன் மேல் உடலைப் பொருத்தினால் மேலே எவ்வளவு அழகாகச் செய்தாலும் நிற்கும் தோரணை பொய்யாகிவிடும். கைப்பிடிக் கம்பிகளைப் பித்தளைக் கம்பியில் வளைத்து ஈயம் பற்றவைப்பார்கள். கிரில் போன்ற நுண்ணிய பாகங்களுக்கு அமிலத்தில் அரித்த பித்தளைத் தகடு உதவுகிறது. தகட்டில் ஒளியால் வடிவத்தைப் பதித்து, பதியாத இடத்தை ஃபெரிக் குளோரைடு கரைசலில் கரையவிடுவார்கள். பாதி மட்டும் அரித்த கோட்டில் தகடு தானே ஒழுங்காக மடியும். இப்போது பிசினை ஒளியால் இறுகச் செய்யும் முப்பரிமாண அச்சும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

உள்ளே 12 வோல்ட் மோட்டார்; அதன் அச்சில் திருகுப் பல்; அது சக்கரத்தின் பல்லைச் சுழற்றுகிறது. மின்சாரம் இரண்டு தண்டவாளங்கள் வழியாக வருகிறது. முனைகளை மாற்றினால் ரயில் பின்னால் ஓடும். நிஜ ரயில், விசையை நிறுத்திய பிறகும் தன் எடையால் வெகுதூரம் உருளும். லட்சக்கணக்கான மடங்கு எடை குறைந்த மாதிரி, மின்சாரம் போன கணத்தில் குத்திட்டு நின்றுவிடும். அந்த ஓட்டத்தைத் திருப்பித் தருவதற்காகவே மோட்டாரோடு ஒரு பித்தளைச் சுழல்சக்கரத்தைச் சேர்க்கிறார்கள்.

வேகத்தை மட்டும் வகுக்கத்தான் வேண்டும். மணிக்கு 100 கி.மீ. என்பது மாதிரியில் நொடிக்கு 32 செ.மீ. அவ்வளவு மெதுவா என்று முதலில் தோன்றும்; கை தானாக வேகத்தைக் கூட்டும். பொறுத்துக்கொண்டு அந்த வேகத்திலேயே விட்டால், சில நிமிடங்களில் ரயிலுக்கு ஒரு கனம் வந்துவிடும்.

தூசியும் எண்ணும்

அசல் வண்ணத்தை அப்படியே வாங்கிப் பூசினால் பெட்டி கருத்துப் போகும். நிஜப் பெட்டியை நாம் தூரத்திலிருந்து, வெயிலில், காற்றின் வழியாகப் பார்க்கிறோம். எனவே நீலத்தில் கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும். போகிகளில் செம்பழுப்புத் தூள்: பிரேக் கட்டை சக்கரத்தில் தேயும்போது பறக்கும் இரும்புத்தூள், துருப்பிடித்த நிறம். கடைசியாக எண். ஐந்து இலக்கப் பெட்டி எண்ணில் முதல் இரண்டு, தயாரான ஆண்டு. பின் மூன்றும் வகையைச் சொல்லும். இருநூறுகளில் இருந்தால் படுக்கை வசதி. நீங்கள் பயணம் செய்த காலத்தின் ஆண்டை எழுதலாம்.

ஐ.சி.எஃப். வடிவப் பெட்டியின் தயாரிப்பு 2018 ஜனவரியில் நின்றது. அதன் இடத்தைப் பிடித்தவை எல்.எச்.பி. என்ற நீளமான புதிய வடிவப் பெட்டிகள். ஆயுள் முடிந்த பழைய பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருக்கின்றன. இன்றே ஒரு பெட்டியை அளந்து, வரைந்து, செய்துவைக்க அது போதுமான காரணம்.

செய்து முடித்ததும் மேலிருந்து பார்க்காதீர்கள். நம் உயரத்தை 87ஆல் வகுத்தால் இரண்டு செ.மீ.தான். மேசை விளிம்பில் தாடையை வைத்து, கண்ணைத் தண்டவாளத்தின் மட்டத்துக்கு இறக்குங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சிறு விளக்கை வையுங்கள். பெட்டி நொடிக்கு 32 செ.மீ. வேகத்தில் கடக்கும்போது, செம்பு இழைக் கம்பிகளுக்கு நடுவே வெளிச்சம் விட்டு விட்டு வரும். நடைமேடையில் நின்று இரவு ரயிலைப் பார்த்தவர்களுக்கு அந்த வெளிச்சம் தெரியும்.