இணை வழிகளில் செல்லும் செய்தி

திருவனந்தபுரத்தில் கிள்ளிப்பாலத்திலிருந்து கிழக்குக் கோட்டைக்குச் செல்ல இரு வழிகள் உள்ளன. ஒன்று ஆரியசாலையைக் கடந்து சாலைக் கடைவீதியினூடே செல்வது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவானாக இருந்த ராஜா கேசவதாசர் அமைத்த அவ்வீதி குறுகலானது, நெரிசல் மிக்கது. மற்றொன்று ஆட்டக்குளங்கரை வழியே செல்லும் அகன்ற புறவழி. ஒரே கடைக்கு வரும் மூட்டைகளை இவ்விரு வழிகளிலும் மாற்றி மாற்றி அனுப்பினால், பின்னே புறப்பட்டது முன்னே வந்து சேரக்கூடும். அரிசி மூட்டைக்கு இதனால் நட்டமில்லை. வரிசை தவறாது சேரவேண்டிய பொருளாயின் என்ன ஆகும்?

கம்ப்யூட்டர் வலையமைப்பில் செல்லும் செய்தி இத்தகைய பொருளே. அது சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, எண்ணிடப்பட்டு அனுப்பப்படுகிறது. இரு நிலையங்களுக்கிடையே இரண்டு இணைப்புகள் இருப்பின் வேகம் இருமடங்காகும் என்பது பொதுவான எண்ணம். அது மெய்தானா என்பதைக் கருவிகளை நிறுவுவதற்கு முன்பே கணக்கிட்டுப் பார்க்கலாம். இதுவே பாவனைச் சோதனை எனப்படும்.

ஒரு தாளும் பென்சிலும் இதற்குப் போதும். முதல் இணைப்பைக் கடக்க 10 மில்லி வினாடியும், இரண்டாவதைக் கடக்க 38 மில்லி வினாடியும் ஆவதாகக் கொள்வோம். பொட்டலங்கள் 5 மில்லி வினாடிக்கு ஒன்றாகப் புறப்படுகின்றன. ஒற்றைப்படை எண்கள் முதல் இணைப்பிலும், இரட்டைப்படை எண்கள் இரண்டாவதிலும் செல்கின்றன. 1, 3, 5, 7 ஆகியவை முறையே 10, 20, 30, 40-ஆம் மில்லி வினாடிகளில் வந்துவிடும். 2-ஆம் பொட்டலமோ 43-இல்தான் வரும். அதற்குள் பெறும் நிலையம், "2 இன்னும் வரவில்லை" என்று மும்முறை அறிவித்துவிடுகிறது. டி.சி.பி. எனும் விதிமுறைப்படி, அனுப்பும் நிலையம் அப்பொட்டலம் தொலைந்ததாகக் கருதி மீண்டும் அனுப்புகிறது. தன் வேகத்தையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் கொள்கிறது. எதுவும் தொலையவில்லை, ஆயினும் இரண்டாம் இணைப்பு தடையாகவே முடிந்தது.

இதற்குப் பரிகாரம், ஓர் உரையாடலுக்குரிய பொட்டலங்கள் யாவற்றையும் ஒரே இணைப்பில் செலுத்துவதாகும். அனுப்புவோர், பெறுவோர் முகவரிகளைக் கொண்டு செய்யும் சிறு கணக்கு எந்த இணைப்பு என்பதை முடிவு செய்கிறது. இதனால் வரிசை குலையாது. ஆனால் பெரிய உரையாடல் ஒன்று தன் இணைப்பை முழுதும் நிரப்பிவிட, மற்றது வெறுமையாகக் கிடக்கவும் கூடும்.

சோதிக்கவேண்டியது இன்னும் ஒன்றுண்டு: ஓர் இணைப்பு அறுந்தால் எஞ்சியது பாரத்தைத் தாங்குமா? 2008 ஜனவரி 30 அன்று அலெக்சாந்திரியாவுக்கு அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் ஆகிய இரு கடலடிக் கேபிள்களும் சேதமுற்றன. இந்தியாவின் இணையத் தொடர்பு வெகுவாகத் தளர்ந்தது. போக்குவரத்தின் ஒரு பகுதியைக் கிழக்கே திருப்பிவிட நேர்ந்தது. எண்ணிக்கையில் இரண்டாயினும், ஒரே கடற்பகுதியில் கிடந்தமையால் ஆபத்தில் அவை ஒன்றாயின.

ஆசிரியர்கள் எண்ணிட்ட சீட்டுகளைக் கொண்டு இச்சோதனையை வகுப்பிலேயே நடத்தலாம். வசதியுள்ளோர் இலவசமாகக் கிடைக்கும் என்.எஸ்.-3 எனும் மென்பொருளில் ஆயிரக்கணக்கான பொட்டலங்களை ஓட்டிப் பார்க்கலாம். களப் பணியாளர் புதிய இணைப்பு கோருமுன் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று: இரு வழிகளின் தாமதமும் ஒத்ததா? பாரம் எவ்விதியால் பங்கிடப்படுகிறது? ஒன்று அறுந்தால் மற்றது தாங்குமா? இவற்றுக்கு விடை கண்ட பின்னரே இரண்டாம் வழி உண்மையில் உதவும் வழியாகும்.