நகரும் சுவரும் நழுவும் ஒலியும்

(இரண்டாமாண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

‘சுவருக்கும் காது உண்டு’ என்பர் பெரியோர். நகரும் சுவருக்கு வாயும் உண்டு என்பதை எங்கள் டோல்கேட் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் கண்டேன். மடக்குத் தடுப்பால் கூடத்தை இரண்டாக்கி, இப்புறம் என் தங்கையின் மஞ்சள் நீராட்டு. அப்புறம் வேறொரு வீட்டு வரவேற்பு. அங்கு நடந்த மெல்லிசைக் கச்சேரியில், இங்கு வாழ்த்திய பாட்டியின் குரல் எவர் காதிலும் விழவில்லை.

காரணம் இயற்பியலில் உள்ளது. ஒலியைத் தடுப்பது பெரும்பாலும் சுவரின் எடையே. எடையை இரட்டித்தால் ஊடுருவும் ஒலி மேலும் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். 23 செ.மீ. செங்கற்சுவர் சதுர மீட்டருக்கு 400 கிலோ அளவில் இருக்கும். தள்ளி நகர்த்தும் பலகைக்கு அவ்வளவு எடை ஆகாது. அது தொங்கும் தண்டவாளமும் உத்திரமும் தாங்க வேண்டுமே!

எடைக்குறைவைவிடப் பெரிய எதிரி இடைவெளி. தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே போதும். பலகை எவ்வளவு உயர்ந்ததாயினும் 20 டெசிபலுக்கு மேல் ஒலி குறையாது. ஆகவே நல்ல தடுப்புகளில், பலகையை நிறுத்தியபின் கைப்பிடியைச் சுழற்றினால், மேலும் கீழும் ரப்பர் பட்டைகள் வெளிவந்து இடைவெளியை அடைத்துவிடும். பொய்க்கூரைக்கு மேலேயும் தடுப்பு தொடர வேண்டும்.

பாதிக் கூடமே போதும் என்னும் எளிய குடும்பமும் மண்டபத்தில் விசேஷம் நடத்த நகரும் சுவர் வழி செய்கிறது. பாதிக் கூடம் எடுத்தவர்க்கும் முழு அமைதி வேண்டும் அன்றோ? ரப்பர் பட்டை இல்லாத தடுப்பு அதைத் தராது.